உத்தரவில் இல்லாத மிஷின்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆயுத பூசைக்கு முதல் நாள், லயத்தில் இருந்த அக்காவின் தையல் மிஷினை முழுவதும் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டினேன்.
2. பூசையன்று அது தோட்டத்துக் கோயிலில், பால் வெட்டும் கத்திகளுக்கு நடுவே இருந்தது.
3. அன்றிரவு கோயில் பூசாரியின் அண்ணன் காய்ச்சலில் இறந்தார். கோயில் பூட்டப்பட்டது.
4. மறுநாள் விடியலில், துரையின் உத்தரவுப்படி கத்திகளை மட்டும் வெளியே எடுத்தார்கள்.
5. மிஷின் பதினாறு நாட்கள் உள்ளேயே இருந்தது.

இந்தப் பட்டியலைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரியில் ஒன்று விட்டுப்போகிறது. மிஷினைக் கோயிலில் வைக்கச் சொன்னது நான். வீட்டிலேயே பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிடலாம் என்றுதான் அக்கா நினைத்திருந்தார்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் தோட்டம் என்றால் வெள்ளைக்காரக் கம்பெனியின் தோட்டம். அப்பா அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பேன். யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் நடத்திய பெண்கள் பாடசாலையில் படித்தபோது அங்கே கைத்தொழில் பிரிவு ஒன்று இருந்தது. மற்றப் பிள்ளைகள் பூவேலை பழகினார்கள். எனக்குப் பூவேலை வரவில்லை. பழுதான தையல் மிஷின்களை அடுக்கி வைத்திருந்த அலமாரிதான் பிடித்தது. இரண்டு வருடத்தில், கையால் சுற்றும் மிஷினின் எந்தத் துண்டைக் கையில் கொடுத்தாலும், அது எங்கே இருந்தது, எதைத் தள்ளுகிறது, தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று சொல்லப் பழகினேன். அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

இங்கே வந்த பிறகு மத்தியானங்கள் சும்மா கிடந்தன. சுற்றியிருந்த தோட்டங்களில் கிராணி வீடுகளிலும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலுமாக மிஷின்கள் இருந்தன. திருத்த ஆள் இல்லை. பழுதானால் கிள்ளானுக்கு வண்டியில் அனுப்ப வேண்டும். நான் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு திருப்புளி, எண்ணெய்க் குப்பி, கோழி இறகு, பழைய துணி, ஊசிப் பொட்டலம். கோழி இறகு, எட்டாத இடத்தைத் துடைப்பதற்கு. பழுது பெரும்பாலும் ஒன்றுதான். மிஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் எல்லோரும் தேங்காயெண்ணெய் விட்டுவிடுவார்கள். முதல் வாரம் வழுக்கிக்கொண்டு ஓடும். மூன்றாம் வாரம் உள்ளே பிசின் கட்டி, சக்கரம் சுற்ற இரண்டு கை வேண்டியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் சரியாகிவிடும். சிலர் காசு கொடுப்பார்கள், சிலர் முட்டை, ஒரு வீட்டில் எப்போதும் பலாச்சுளை.

தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் வெளிவேலை செய்யக்கூடாது என்பது தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் விதி. அப்பாவுக்கு நான் செய்வது தெரியும். துரைக்குத் தெரியாது. டின்னுக்கு மேல் எப்போதும் இரண்டு பாடப்புத்தகம் வைத்துக்கொண்டு நடப்பேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டேனே தவிர உறவில்லை; கடைசி லயத்தில் கடைசி அறையில் இருந்தார். பால் வெட்டுக்காரி, ரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுப்பவர். புருஷன் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அவர் சாவதற்கு முன் வாங்கிக் கொடுத்ததுதான் மிஷின். தினமும் பால் வெட்டி முடித்து, குளித்து, நாலு மணி வரை தைப்பார். லயத்துப் பிள்ளைகள் போட்டிருந்த சட்டைகளில் பாதி அவர் தைத்தவை. அந்த வருடம் அவருடைய இடது காலில் ஒரு புண் வந்தது. கணுக்காலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு. ஆஸ்பத்திரியில் கட்டினார்கள், ஆறவில்லை. பனியில் நடந்து முந்நூறு மரம் வெட்ட அந்தக் காலால் முடியாது.

மாதம் ஒரு தடவை வரும் டாக்டர், வேலைக்கு ஆகாதவர்களின் பெயர்களைச் சொல்லுவார். அப்பா எழுதுவார். அந்தப் பட்டியலில் ஏறியவர்களுக்கு லயத்தில் அறை கிடையாது. ஊருக்குக் கப்பல் சீட்டு உண்டு. இது தயவாகத்தான் செய்யப்பட்டது. பலர் சந்தோஷமாகப் போனார்கள்.

அக்காவின் பெயரும் ஏறிற்று.

"ஊருக்குப் போகலாந்தானே அக்கா?" என்று நான் கேட்டேன். அன்று அவருடைய மிஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊர்ல எனக்குக் கருமாதி பண்ணிட்டாங்க வாத்தியாரம்மா."

எனக்கு விளங்கவில்லை.

"வேற சாதிக்காரனோட ஓடியாந்தேன்ல. நாங்க கப்பலு ஏறின சேதி தெரிஞ்ச பதினாறாம் நாளு, என் துணிமணிய வெச்சு, எங்கண்ணன் மொட்டையடிச்சிக்கிட்டான். ஊருக்கே சோறு போட்டானாம். செத்தவ திரும்பிப் போய் நின்னா என்ன பண்ணுவாங்க? மறுபடி ஒருக்கா சாகச் சொல்லுவாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "ஒரு தடவ சோறு போட்டதுக்கே கடன்காரனாயிருப்பான், பாவம்."

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. வெளியில் யாராவது வேலையும் தங்க இடமும் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தார். கோலா சிலாங்கூரில் படகுத்துறைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் முதலாளி. அக்கா தைத்த சட்டை ஒன்றை யாரோ போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போக, அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆள் விட்டார். கடைக்கு முன்னால், கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் ஒரு மிஷின் போடும் அளவுக்கு இடம். கடைக்குப் பின்னால் படுக்க ஒரு அறை. உட்கார்ந்து செய்யும் வேலை. அந்தக் காலுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். தீபாவளி விற்பனைக்கு நாற்பது குழந்தைக் கவுன்கள். துணி அவர் வெட்டிக் கொடுப்பார். தீபாவளிக்குப் பத்து நாளுக்கு முன் எல்லாம் கடைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் இடம் அக்காவுக்கு. கிராணியிடம் தானே வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். வெட்டிய துணி இரண்டு மூட்டையாக வந்து சேர்ந்தது. அக்கா பதினொன்று தைத்திருந்தபோது ஆயுத பூசை வந்தது.

நான் ஏன் கோயிலில் வைக்கச் சொன்னேன் என்பதை எழுத வேண்டும். எங்கள் தோட்டத்துக் கோயில் பூசைக்கு அக்கம்பக்கத்து மூன்று தோட்டத்து ஆட்கள் வருவார்கள். முதல் நாள் அந்த மிஷினைத் துடைத்தபோது, பொன்னிறக் கோலங்கள் எல்லாம் புதிதுபோல் எழும்பி வந்தன. சக்கரத்தில் முகம் தெரிந்தது. இதை மூன்று தோட்டத்துப் பெண்களும் பார்த்தால் அவர்களுடைய மிஷின்களும் எனக்கு வரும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

"கோயிலில வையுங்கோ அக்கா. எல்லாரும் பாக்கட்டும்."

"எதுக்கு வாத்தியாரம்மா? கண்ணு பட்டுடும்."

"ஒரு இரவுதானே. விடிய எடுத்துப்போட்டுத் தைக்கலாம்."

கோயிலில் கத்திகளை ஐந்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மண்வெட்டிகள், வாளிகள், ஸ்டோரில் ரப்பர் தகடு போடும் உருளைக்கு அடையாளமாக அதன் கைப்பிடி ஒன்று. வெளியே துரையின் மோட்டார் காருக்கும் மாலை போட்டிருந்தது. நடுவில் மிஷின். ஒரு பெண் அக்காவின் விலாவில் இடித்தாள்.

"என்னடி, பொண்ணு மாதிரி சோடிச்சு ஒக்கார வெச்சிருக்கே? மாப்ள எங்க?"

"மாப்ள மோட்டார்ல வந்து வெளிய நிக்கிறாரு, பாக்கலியா?" என்றார் அக்கா. அந்த மூலையில் எல்லோரும் சிரித்தார்கள். யார் இப்படித் துடைத்தது என்று இரண்டு பேர் கேட்டார்கள். அக்கா என்னைக் கைகாட்டினார். நான் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி தாராள மனசுக்காரர். அவரும் பால் வெட்டுகிறவர்தான். பூசை அவருக்கு இன்னொரு வேலை. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். மிஷினுக்கு மேலே, சரியாக எண்ணெய் விடும் துவாரத்தின் மேல், ஒரு கட்டி சந்தனத்தை அப்பினார்.

"ஐயா, அதில வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா, இதுக்கு மட்டும் நெத்தி கெடையாதா?" என்று குங்குமத்தையும் வைத்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சந்தனம் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பூசைக்கு வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. விடிந்ததும் துடைத்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

பூசாரியின் அண்ணன் ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தார். அது எனக்குத் தெரியும். லயத்தில் அந்த மாதம் யார்தான் காய்ச்சலில் இல்லை?

அன்றிரவு அண்ணன் இறந்ததால் பூசாரிக்குத் தீட்டு. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அவர் கோயில் படி ஏற முடியாது. அவர் செய்யாமல் மறுபூசை இல்லை. மறுபூசை இல்லாமல் ஆயுதத்தைத் தொட முடியாது. மறுநாள் விடியலில், பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வெட்டுக்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மரம் ஒருநாள் சும்மா நிற்பதை அவர் ஒப்பமாட்டார். தோட்டத்துத் தண்டல், அதாவது கங்காணிகளுக்கெல்லாம் தலைவர், கோயிலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

பூசாரி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவியைக் கையில் கொடுக்கவில்லை. மண்ணில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் தொறக்கல. நான் பாக்கவுமில்ல."

"நீ எதுக்குய்யா பாக்குற? துரை சொல்லிட்டாரு. பாவம் துரை தலையில" என்றார் தண்டல். வெட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கத்தியை எடுத்தார்கள். எடுக்கும்போது ஒவ்வொருவரும், "துரை உத்தரவு, துரை உத்தரவு" என்று அம்மனுக்குக் கேட்கும்படி சொன்னார்கள். ஒரு கிழவர் துரையின் பெயரையும் சேர்த்துச் சொன்னார், அம்மன் ஆள் மாறிவிடக் கூடாதென்று. வரிசைகள் கரைந்து, கடைசியில் நடுவில் மிஷின் மட்டும் இருந்தது. சந்தனம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"அதையும் எடுங்கோ" என்றேன்.

தண்டல் என்னைப் பார்த்தார். "உத்தரவுல கத்தின்னுதான் இருக்கு. மண்வெட்டி கூட உள்ளதான் கெடக்கும். மிஷின் தோட்டத்துச் சாமானாம்மா?"

"இல்லை. அக்காவின்ர."

"அப்ப அதுக்கு எந்தத் துரை உத்தரவு குடுப்பாரு? பாவத்த யார் தலையில வெக்கிறது?"

"என்ர தலையில வையுங்கோ."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. லயத்துல நாலு புள்ளைக்குக் காய்ச்ச. நாளைக்கு ஒண்ணு போச்சுன்னா ஒங்க பேரச் சொல்ல மாட்டாங்க. இவ பேரத்தான் சொல்லுவாங்க. ஏற்கெனவே ஊர விட்டு ஓடியாந்தவ."

நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்தார்.

"வேணாம் வாத்தியாரம்மா" என்றார். "எறங்குங்க."

இறங்கினேன். பூட்டினார்கள்.

அன்று மத்தியானம் அப்பாவிடம் போனேன். தண்டல் கேட்டது ஒரு உத்தரவுதான். அப்பா எழுதி, துரை கையெழுத்துப் போட்டால், மிஷினும் கத்தியைப் போல வெளியே வந்துவிடும். அப்பா ஆபீசில் பேரேட்டை மூடாமலே கேட்டார்.

"லயத்தில எல்லாரும் உனக்கு அக்காவோ?"

"எல்லாரும் இல்லை அப்பா. இவ."

"நான் துரையிட்டப் போய், கோயிலுக்குள்ள ஒரு தையல் மிஷின் இருக்கு, உத்தரவு தாங்கோ எண்டு கேக்கிறன் எண்டு வை. அவர் என்ன கேப்பார்? ஆர் தைக்கினம்? வேலை செய்யேலாத ஆள் எப்பிடித் தைக்குது? ஆர் அதைத் திருத்துறது? அதுக்கு நான் என்ன சொல்லுறது?" பேனாவை மைப்புட்டியில் நனைத்தார். "உனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேணுமோ வேண்டாமோ?"

வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனேன். அதுதான் என் பதில் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அவர் எடுத்துக்கொண்டது சரிதான்.

அடுத்த நாட்களில் செய்து பார்த்தவை: பக்கத்துத் தோட்டத்துப் பூசாரியிடம் போனேன், அவர் வந்து மறுபூசை செய்வாரா என்று கேட்க. அவர் நல்ல விதமாகத்தான் பேசினார். இன்னொருவர் கோயிலில் அவர் அழைக்காமல் விளக்கேற்ற முடியாது என்றார். அழைக்கச் சொல்லலாமே என்றேன். தீட்டுக்காரர் எப்படி அழைப்பார் என்றார். நான் நடந்து வந்த வழியிலேயே திரும்பி நடந்தேன். கிராணி வீடுகளில் நான் பழுது பார்த்த மிஷின்கள் இருந்தன, இரவல் கேட்டேன். எல்லோருக்கும் தீபாவளித் தையல் இருந்தது. ஒரு அம்மா மட்டும், "உனக்கு எண்டால் தருவன் பிள்ளை. லயத்துக்கு எண்டால் தரமாட்டன்" என்றார். எனக்குத்தான் என்று பொய் சொல்லி எங்கள் வீட்டில் வைத்து அக்காவை அழைத்திருக்கலாம். அப்பா அதையும் ஒப்பவில்லை.

ஆகவே கையால் தைத்தோம். நானும் அக்காவும், அவருடைய அறையில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு. அவர் கையால் போடும் தையல் நேராக இருந்தது. என்னுடையது கோணியது, அவர் பேசாமல் பிரித்து மறுபடி போடுவார். ஒருநாள் பிரித்துக்கொண்டே, "மிஷினோட வைத்தியருக்கு ஊசி புடிக்கத் தெரியலியே" என்றார். ஐந்து நாளில் ஒன்பது கவுன் முடிந்தது. முன்பு தைத்த பதினொன்றோடு இருபது. காலைத் தொங்கப் போட்டே உட்கார்ந்திருந்ததால் புண்ணைச் சுற்றி வீங்கிவிட்டது. பாதி கொடுத்தால் முதலாளி மனம் இரங்குவார் என்று தோட்டத்து மாட்டுவண்டியில் மூட்டையோடு நான் கோலா சிலாங்கூர் போனேன்.

முதலாளி பதினொன்றையும் ஒன்பதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"இது கைத்தையல்தானே, தங்கச்சி."

"பிரியாது ஐயா. இழுத்துப் பாருங்கோ."

"பிரியாது, எனக்குத் தெரியும். வாங்குறவளுக்குத் தெரியணுமில்ல? மிஷின் சட்டைன்னு சொல்லித்தான் விக்கிறேன்." வெளியே அஞ்சடியைக் காட்டினார். ஆற்றுப்பக்கமிருந்து காற்று வந்தது. அந்த இடத்தில் நிழல் நன்றாக இருந்தது. "எடத்தப் பெருக்கி வெச்சிருக்கேன். மிஷின் எங்க?"

கோயிலில் என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "எங்க ஆளுங்க பண்ணியிருந்தா நான் போய்ப் பேசியிருப்பேன். இது ஒங்க கோயிலு. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். மீதி இருபது கவுனின் துணியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சீனத் தையற்காரர் இருந்தார். அவரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மறைக்காமல் சொன்னது நல்லதுதான்.

பதினாறாம் நாள் கருமாதி. பதினேழாம் நாள் காலை பூசாரி மொட்டைத்தலையோடு வந்து கோயிலைத் திறந்தார். மறுபூசை செய்தார். மிஷினைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அக்கா அறையில் வைத்தார்.

"ஒன் சாமானு என்னால கெட்டுச்சு தங்கச்சி" என்றார்.

"ஒங்க அண்ணன் போயிட்டாரு. சாமான் என்னா பெரிசு?" என்றார் அக்கா.

மழைக்காலம். உள்ளே நான் நினைத்ததுதான். சந்தனம் எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தில் கல்லாகியிருந்தது. மஞ்சள் தண்ணீர் பட்ட இடமெல்லாம் துரு. கற்பூரப் புகை பளபளப்பின் மேல் படிந்திருந்தது. சக்கரம் அசையவில்லை. பலவந்தமாகச் சுற்றினால் வார்ப்பிரும்பு உடைந்துபோகும். மேல்தகட்டைக் கழற்றி, ஊசியால் சந்தனத்தைப் பொடிப்பொடியாகக் கிளறி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, கோழி இறகால் துடைத்து, மறுபடி விட்டு, நாலு மணிக்கெல்லாம் சக்கரம் தானாக ஓடியது. நான் இதுவரை செய்ததில் அதுதான் மிகச் சுத்தமான வேலை. தையல் விழுகிறதா என்று பார்க்க ஒரு துண்டுத் துணி கேட்டேன். முதலாளியின் துணி எல்லாம் போய்விட்டது. அக்கா தன் காலில் கட்டுவதற்கு வைத்திருந்த துணியைக் கிழித்துக் கொடுத்தார். தையல் நேராக விழுந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. மறுநாளே மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கோலா சிலாங்கூர் போனோம். அஞ்சடியில், பெருக்கி வைத்திருந்த அந்த இடத்தில், ஒரு இளைஞர் வேறொரு மிஷினை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். முதலாளி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அக்கா சரி என்றார். அந்த இளைஞரின் மிஷின் கரகரவென்று சத்தம் போட்டது. தேங்காயெண்ணெய். கேட்டவுடன் தெரிந்தது. அக்காதான் அவரிடம், "தம்பி, மண்ணெண்ணெய் ஊத்திக் களுவு. மிஷினு பாவம்" என்றார்.

பட்டியல் மாறவில்லை. தீபாவளி கழிந்த மூன்றாம் வாரம், எங்கள் தோட்டத்திலிருந்து ஆறு பேரை வண்டியில் கிள்ளானுக்கும் அங்கிருந்து துறைமுகத்துக்கும் அனுப்பினார்கள். பெயர்களை அப்பாதான் வாசித்தார். அக்காவின் பெயர் நாலாவது. மிஷினை அவர் கொண்டுபோகவில்லை.

"கொண்டுபோனா புடுங்கிக்குவாங்க. நீங்க வெச்சுக்குங்க."

"நான் வைச்சிருக்கிறன். திரும்பி வந்து எடுங்கோ."

"செத்தவங்க எத்தன தடவ வாத்தியாரம்மா திரும்பி வர்றது?" என்று சிரித்தார். பிறகு, "அந்தத் தொளயில இன்னும் கொஞ்சம் சந்தனம் இருக்கு, பாருங்க" என்றார். இருந்தது. வண்டி போன பிறகு எடுத்தேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஆறு தபால் அட்டைகளில் என் முகவரியை எழுதி, தைத்த உறையில் போட்டு, அவர் மூட்டையில் வைத்திருந்தேன். யாரையாவது ஒரு கோடு கிழித்துப் போடச் சொன்னாலும் போதும் என்று சொல்லியிருந்தேன்.

ஒரு வருடம் ஆகிறது. அட்டை ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் வேலை இருக்கிறது. பூசையன்று கேட்ட இரண்டு பேரும் தங்கள் மிஷின்களைக் கொடுத்தார்கள். அவர்கள் சொல்லி இன்னும் நாலு வந்தன. அஞ்சடியில் அந்த இளைஞர் இருக்கிறார். அவருடைய மிஷினையும் நான்தான் பார்க்கிறேன். அக்காவின் மிஷின் என் அறையில், ஜன்னலோரம், துணி போட்டு மூடி இருக்கிறது. மாதம் ஒரு தடவை எண்ணெய் விடுகிறேன். நன்றாக ஓடுகிறது.